கல்லூரிப் புற்றரை

இம்மலரின் தமிழ்ப் பகுதியில் இலக்கியமும் வரலாறும் சமயமும் பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் வெளிவருதல் வழக்கம். அவற்றினிடையே புல்லைப்பற்றி ஒரு கட்டுரை வரைய முற்படுதல் சிலர்க்கு நகைப்பை விளைவித்தல் கூடும். ஆயினும், பழைய மாணவர் கூட்டத்திற்கு வருவோர் தம் ஆசிரியர்களின் நலத்தை உசாவிய பின்னர், “முன்புறத்துப் புற்றரை இன்னும் இருக்கிறதா?” என்றே அடுத்துக் கேட்கின்றனர். அவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை பகர்தல் எமக்கு இயலவில்லை. பல்லாண்டுகளாக அப்புற்றரையின் மேற்பார்வை எம்மிடம் இருந்து வந்தது. அதனால் யாம் கற்றது சிறிது. இழைத்த பிழையோ பெரிது. இரண்டனையும் ஒளியாது ஈண்டு எழுதுவோம்.

நம் கல்லூரி பொருநையாறு பாயும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததேயாயினும், ஆற்றுப் பாய்ச்சலுக்கு எட்டாத செம்மண் மேட்டில் அமைந்தது என்பதை நேயர்கள் அறிவர். ஜெபாலயத்திற்கும் பெரிய மண்டபத்திற்கும் இடையே, நீளம் 40 மீட்டரும் அகலம் 25 மீட்டருமாகக் கிடந்தது அப்புற்றரை. அதனை முதன்முதல் அமைத்தோர் கடல் கடந்து வந்த மிஷனெரிமார். அவர்தம் தாய்நாட்டில் வெயில் மெல்லியது. மழை ஆண்டின் எல்லாத் திங்களிலும் சிறிது சிறிதாகப் பெய்வது. ஆங்குப் புல் கேளாமலே வளரும். வளர்வதைக் குறைப்பதே மக்களுக்கு வேலையாகும். ஆட்டு மந்தையும் அரிவாளும் செய்து வந்த அவ்வேலையை, 1830-ஆம் ஆண்டில், குளஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பார் ஓர் இயந்திரத்திடம் ஒப்புவித்தார். கம்பளி ஆலையில் துணியின்மேல் எழுந்து நிற்கும் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரத்தைக் கண்டே அவர்க்கு அக்கருத்துத் தோன்றியதாம். அதன்பின் புற்றரை பிரபுக்களின் மாளிகையோடு நில்லாமல், பள்ளிகளிலும் கோயில்களிலும் சிறு வீடுகளின் முன்னும் பரவியது. அம்மரபை நினைந்தே நம் முன்னோராகிய மிஷனெரிமாரும் தம் ஊரின் ஒரு துண்டை இம்மேட்டில் விரித்தனர் போலும்.

நம் நாட்டு முற்றமோ வேறு. சாணம் தெளித்துக் கோலமிட்ட வெறுந்தரையே நம்மவர்க்கு மங்கலம். பசுமையை அவர்கள் வாசலில் தேடவில்லை, வயலில் தேடினர். அதற்குக் காரணம் வானமே. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதலாகச் சில திங்களுள் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. தை பிறந்த பின்னர் வானம் கைவிரித்து விடும். கோடையில் இடியோடு கூடிய மழை இரண்டொரு நாள் பெய்தால் அது பேறு. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் வீழ, மக்கள் குளித்து மகிழ்வர்; மலைக்குக் கிழக்கே இருக்கும் நமக்கோ அச்சாரலைப் பின்னே விட்டு வரும் வறண்ட காற்று மட்டுமே பங்காகும். அக்காற்று வெயிலினும் கொடியது. இலையிலுள்ள நீரையும் மண்ணிலுள்ள நீரையும் ஒருங்கே பருகிச் செல்லும். இத்தகைய இடத்தில் புற்றரையொன்றைப் பசுமையாக வைத்திருத்தல் எளிதன்று.

2014-ஆம் ஆண்டில் அதன் பொறுப்பு எம்மிடம் வந்தது. அப்பொழுது தோட்டத்தைப் பேணி வந்தவர் முதியவர் ஒருவர். எழுத்தறிவு மிகுதியில்லாதவர், முப்பது ஆண்டுக்கு மேலாக அம்மண்ணை மிதித்தவர். யாமோ நூல்கள் சிலவற்றைப் படித்திருந்தோம். படித்த செருக்கோடு தரையை நோக்கியபோது, ஆங்கிருந்த புல் எமக்குப் பிடிக்கவில்லை. அது வேறொன்றுமன்று, வரப்பிலும் வழியோரத்திலும் காணப்படும் அறுகே. களையெனக் கருதி உழவர் பிடுங்கி எறிவதைக் கல்லூரியின் முகப்பில் வைத்திருப்பதா என எண்ணினோம். பெருநகர்களில் வழங்கும் கொரியன் புல்லை, பாய்போலச் சுருட்டிய துண்டுகளாக லாரியில் வருவித்தோம். மாசித் திங்களில் பழைய அறுகைச் செதுக்கியெடுத்து, இறுகிய தரையைக் கிளறாமலே அப்பாய்களை விரித்தோம்.

முதியவர் தடுத்தார். “ஐயா, இந்த மண்ணில் பிறந்ததை விரட்டிவிட்டு வந்ததை வைக்கிறீர்களே. வைப்பதானாலும் ஐப்பசியில் வையுங்கள், மண்ணையாவது கொத்திப் போடுங்கள்” என்றார். ஆண்டு விழாவிற்கு முன் தரை பசுமையாக வேண்டும் என்று யாம் விடையிறுத்தோம். அவர் மேலும் பேசவில்லை.

விழா நாளில் தரை மரகதப் பாய்போல் இருந்தது; பலரும் புகழ்ந்தனர். அப்புகழ் எம் அறிவை மேலும் மறைத்தது. நாள்தோறும் மாலையில் கால்மணி நேரம் நீர் தெளிக்கச் செய்தோம். தரை வழவழப்பாகத் தோன்றுதற்பொருட்டுப் புல்லை மண்ணை ஒட்டக் கத்தரிக்கச் செய்தோம். சித்திரையில் இலை வெளுத்தபோது யூரியாவை இறைத்தோம். ஒவ்வொன்றும் நன்மை என்றே நினைத்துச் செய்தவை. ஒவ்வொன்றும் புல்லின் வேரை அறுத்தவை. வைகாசி முடிவதற்குள் அங்கங்கே வட்ட வட்டமாகப் பழுப்புத் தோன்றியது. ஆடிக்காற்றில் பாயின் ஓரங்கள் சுருண்டு எழுந்தன. கறையான் அவற்றின் அடியில் குடிபுகுந்தது. ஒரு பாயை யாம் கையால் தூக்கிப் பார்த்தோம். வேர் விரற்கடை நீளமும் இறங்கவில்லை. தரையின்மீது விரித்த துணியைப்போலவே அது கையோடு வந்தது. இது அப்புல்லின் குற்றமன்று. அதனைப் பேணி வளர்ப்போர் பலர் உளர். காலமும் இடமும் அறியாது நட்ட எம் குற்றமே அது.

அன்று மாலை அம்முதியவரை நாடிச் சென்று, “பெரியவரே, இனி நீர் சொல்லும், யாம் கேட்கிறோம்” என்றோம். அவர் எம்மை இகழவில்லை. வேலியோரத்தில் எஞ்சியிருந்த அறுகில் ஒரு கொடியை மண்ணோடு பெயர்த்துக் காட்டினார். மேலே ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. கீழே மண்ணுக்குள்ளும் வெண்ணிறத் தண்டொன்று ஓடியது. “மேலே போனால் கீழே இருக்கும், ஐயா. கீழே காய்ந்தால் இன்னும் கீழே இருக்கும்” என்றார். மணமக்களை வாழ்த்தும் மூதாட்டியர் ஆலின் தழைப்போடு அறுகின் வேரையும் சேர்த்துச் சொல்வதன் பொருள் எமக்கு அன்றுதான் விளங்கிற்று.

அவர் கையால் அறிந்திருந்ததற்கு நூல்களிலும் காரணம் உண்டு என்பதைப் பின்னர்க் கண்டோம். மேனாட்டுக் குளிர்நிலப் புற்கள் நெல்லையும் கோதுமையையும் போல ஒருவகையாகக் கரியமில வாயுவை உட்கொள்வன. வெப்பம் மிகுந்தால் அவற்றின் உணவாக்கம் தளரும். அறுகோ சோளமும் கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த இனத்தைப்போல வேறொரு முறையில் அவ்வாயுவைச் சேர்த்துக்கொள்வது. அதனால் குறைந்த நீரைச் செலவிட்டு நிறைந்த வெயிலில் அது உணவு சமைக்கின்றது. நமக்கு வியர்க்கும் வெப்பமே அதற்கு வளரும் வெப்பம். மண் இடங்கொடுத்தால் அதன் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்க வல்லது. ஒன்றே அதற்கு ஆகாது, அது நிழல். ஆதலால் வேப்பமரங்களின் அடியில் புல் வளர்க்க யாம் பட்ட பாடெல்லாம் வீண் என்று அறிந்து, அவ்விடத்தை மணலும் உதிர்ந்த சருகுமாக விட்டுவிட்டோம்.

2015-ஆம் ஆண்டின் ஐப்பசியில் தரையை ஒரு சாண் ஆழம் கொத்தி, மக்கிய எருவும் ஆற்று வண்டலும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, அறுகின் கொடிகளைக் கணுவோடு துண்டு துண்டாக நறுக்கி ஊன்றினோம். மழையே அவற்றை வளர்த்தது. தை பிறந்தபின் நீர் பாய்ச்சும் முறையை முதியவர் மாற்றினார். நாள்தோறும் சிறிது தெளிக்கும் நீர் மேல்மண்ணிலேயே நிற்கின்றது. நீர் நிற்கும் இடத்தில்தானே வேரும் நிற்கும்? மேல்மண் ஒரு பகலில் காயும். காய்ந்தால் வேரும் காயும். அதற்கு மாறாக, பல நாட்கு ஒருமுறை ஆழ நனைத்து, மறுமுறை வரையில் மேல்மண்ணை உலர விட்டால், ஈரத்தைத் தேடி வேர் கீழே செல்கின்றது. ஆழ நனைந்ததா என்பதை அறிய அவர் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் குத்துவார். ஒரு சாண் அளவு தடையின்றி இறங்கினால் போதும். இடையில் நின்றால் அதற்குக் கீழே ஈரம் செல்லவில்லை என்பது பொருள்.

யாமும் எம் பங்கிற்குப் பழைய தகர டப்பாக்கள் ஆறனைத் தரையில் ஆங்காங்கு வைத்து, தெளிகருவி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நீரை வீழ்த்துகின்றது என அளந்தோம். ஒரு டப்பாவில் ஓர் அங்குலம் நிறைந்தபோது, மற்றொன்றில் பாதிகூட இல்லை. ஒரே தரையில் ஓரிடம் அழுகுவதற்கும் ஓரிடம் காய்வதற்கும் காரணம் அதுவே. நீர் பாய்ச்சும் நேரத்தையும் மாலையிலிருந்து விடியற்காலைக்கு மாற்றினோம். விடியலில் காற்று ஓய்ந்திருக்கும். வீணாக ஆவியாவது குறையும். இலைமேல் தங்கிய ஈரமும் வெயிலேற உலர்ந்து போவதால் பூஞ்சை நோய் அண்டுவது அரிது. நீர் வேண்டுமா என்பதைப் புல்லே சொல்லும். நடந்து சென்றபின் காலடிச் சுவடு நிமிராமல் நின்றாலும், தரை முழுதும் பச்சை மாறி நீலஞ்சேர்ந்த சாம்பல் நிறம் தோன்றினாலும், அதற்குத் தாகம் என்று அறியலாம். அதற்கு முன்னர் நீர்விடுதல் செல்லங்கொடுத்துக் கெடுத்தலாகும்.

கத்தரிப்பிலும் ஒரு விதி உண்டு. ஒருமுறைக்கு இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது. இலையே புல்லின் அடுக்களை. அதனை இடித்துவிட்டால் வேருக்கு உணவேது? கோடையில் இன்னும் சற்று உயரவே விடவேண்டும். உயர்ந்த இலை மண்ணுக்குக் குடையாகும். இயந்திரத்தின் வாய் மழுங்கியிருப்பின் இலையை வெட்டாமல் கிழிக்கும். கிழிந்த நுனி வெளுத்துத் தரை நரைத்தாற்போல் தோன்றும். வெட்டிய துணுக்குகளை வாரி எறியாது அங்கேயே விட்டால், அவை சில நாட்களில் மக்கி உண்டதைத் திருப்பிக் கொடுக்கின்றன. உரம் வேண்டின் மழைக்காலத்தில் இடலாம். நீரில்லாத காலத்தில் இட்ட உரம், பசித்தவனுக்குச் சோறின்றி ஊறுகாய் மட்டும் இட்டதற்கு ஒப்பாகும்.

கோரையோடு நாம் செய்த போர் தனிக் கதை. அதன் இலையைப் பிடுங்குதல் பயனில்லை. மண்ணுள் கிழங்குகள் மாலைபோலத் தொடர்ந்திருப்பதால், ஒன்றை இழுத்தால் அறுபட்ட மற்றவை முளைக்கும். ஈரமிருக்கும்போது நெடுங்கம்பியால் கிழங்கோடு தோண்டுதலே வழி. முதியவர் நடக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு கோரையைக் கிழங்கோடு எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். அதற்கென்று அவர் ஒரு நாளும் வேலை நேரம் ஒதுக்கியதில்லை. அதனை விட்டு அவர் ஒரு நாளும் நடந்ததுமில்லை.

இவ்வாறு தரை தேறிவருங்கால், 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அவ்வாண்டு தமிழ்நாடு பெறவேண்டிய பருவமழையில் 62 விழுக்காடு குறைந்தது. 2017-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவையென அரசினரால் அறிவிக்கப்பட்டன. நம் கல்லூரிக் கிணறு தையிலேயே சேற்றைக் காட்டியது. ஆழ்துளைக் கிணற்றின் நீர் குறைந்து உவர்ப்பேறியது. விடுதி மாணாக்கர்க்கு நாளொன்றுக்கு மூன்று வாளி நீர் என வரையறுத்தனர். குளிப்பதும் துவைப்பதும் அதற்குள்ளேயே.

அவ்வாண்டு விழாவிற்குப் பெருமக்கள் வருவதாக இருந்தது. புற்றரையில் பந்தலிட்டு விருந்தளித்தல் பல்லாண்டு வழக்கம். தரை பழுக்கலாகாது என்பது விழாக் குழுவினர் கருத்து. அவர்கள் மீது பழிபோட யாம் விரும்பவில்லை. எம் கருத்தும் அதுவேயாக இருந்தது. இரண்டாண்டு உழைப்பு எம் கண்முன் கருகுவதைக் காண எமக்கு மனம் வரவில்லை. பகலில் நீர் பாய்ச்சினால் மாணாக்கர் கேட்பர் என அஞ்சி, இரவு பத்து மணிக்குமேல், விடுதி விளக்குகள் அணைந்த பின்னர், பம்பை இயக்கச் செய்தோம். இதனை இதுகாறும் யாம் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை.

நான்காம் இரவிலோ ஐந்தாம் இரவிலோ, முதலாண்டு மாணாக்கன் ஒருவன் அங்கு வந்து நின்றான். கையில் வெறும் வாளி. எம்மைக் கண்டு திடுக்கிட்டு, “ஐயா, பம்பு ஓடும் ஓசை கேட்டது, விடுதிக்குத்தான் தண்ணீர் விடுகிறார்கள் என்று வந்தேன்” என்றான். எம்மைக் குற்றஞ்சாட்டும் குறிப்பு அவன் முகத்தில் சிறிதும் இல்லை. அதுவே எம்மைக் கொன்றது. அவ்வாளியை யாமே நிரப்பிக் கொடுத்தோம். அவன் நன்றி கூறிச் சென்றான். யாம் அவ்விரவு உறங்கவில்லை.

உறங்காமல் ஒரு கணக்கிட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். அறுகு வெயிற்காலத்தில் பசுமையாக இருக்க வாரத்திற்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீர் கேட்கும். நம் தரையோ 1,000 சதுர மீட்டர். ஆகவே வாரம் 25,000 லிட்டர். நாளொன்றுக்கு 3,500 லிட்டருக்கு மேல். வாளியொன்றுக்கு 15 லிட்டராக, ஒரு மாணாக்கனுக்குரிய பங்கு 45 லிட்டர். எனவே எண்பது மாணாக்கர் குளிக்கவும் துவைக்கவும் பெறும் நீரை, யாம் இருளில் மண்ணில் ஊற்றி வந்தோம். எண்பது மாணாக்கர் என்பது ஒரு பெரிய வகுப்பு. மறுநாள் வகுப்பறையில் நுழைந்து வரிசை வரிசையாக அமர்ந்திருந்த முகங்களை நோக்கியபோது, அக்கணக்கு எமக்கு ஏட்டுக் கணக்காகத் தோன்றவில்லை.

அன்றே முதல்வரிடம் சென்று நடந்ததைக் கூறினோம். புற்றரைக்குரிய குழாயை அடைத்துத் திறவுகோலை விடுதிக் காப்பாளரிடம் ஒப்புவித்தோம். பின்னர் முதியவரிடம் சென்று, “பெரியவரே, புல் சாகத்தான் வேண்டும்” என்றோம். அவர் சிரித்து, “அறுகு சாகாது, ஐயா. தூங்கும். தூங்குகிறதை எழுப்பாமல் இருந்தால் போதும்” என்றார். அவர் சொன்னவை மூன்றே. தரையில் எவரும் நடவாதபடி கயிறு கட்டவேண்டும். ஏனெனில் உறங்கும் புல்லின் குருத்து மிதிபட்டால் மீளாது. இயந்திரத்தைத் தொடலாகாது. மூன்று நான்கு வாரத்திற்கொருமுறை, குருத்து உயிரோடிருக்கும் அளவுக்கு மட்டும் மண்ணை நனைக்கவேண்டும். பசுமையாக்கும் அளவுக்கு அன்று. அதற்கு வேண்டிய நீரை விடுதி அடுக்களையில் அரிசியும் காய்கறியும் கழுவிய நீரிலிருந்து எடுத்துக்கொண்டார். நாளுக்கொரு பாத்தியாக, குடத்தில் சுமந்து சென்று ஊற்றினார். சோப்பும் எண்ணெயும் கலந்த நீரை அவர் சேர்க்கவில்லை.

விழா வந்தது. விருந்து வேப்பமர நிழலில் நடந்தது. பெருமக்கள் எவரும் குறையொன்றும் கூறினதாகத் தெரியவில்லை. கயிற்றுக்கு அப்பால் தரை வைக்கோல் நிறமாகக் கிடந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி கழிந்தன. முதியவர் வைகாசியோடு பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனிக்காற்றில் செம்புழுதி எழுந்து அத்தரையின்மேல் படிந்தது. அந்நாட்களில் அவ்வழியே செல்வோர், “புற்றரை போய்விட்டதே” என இரங்குவர். யாம் வாயால், “உறங்குகிறது” என்போமாயினும், உள்ளத்தில் நம்பிக்கை குன்றிவந்தது. ஆவணியில் ஒரு நாள், எவரும் காணாதபடி, ஒரு மூலையில் கையளவு மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். சருகின் கீழே, உலர்ந்த மண்ணுக்குள், அத்தண்டு இருந்தது. நகத்தால் கீறினோம், உள்ளே வெண்மையும் ஈரமும் இருந்தன. மண்ணை மூடிவிட்டு வந்தோம்.

2017-ஆம் ஆண்டு ஐப்பசியில் பருவமழை தொடங்கியது. முதல் மழைக்குப் பின் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் மழைக்குப் பின், குனிந்து பக்கவாட்டில் நோக்கினால் மட்டும் தெரியும் ஒரு பச்சை நிழல் தரைமீது படர்ந்தது. சின்னாட்களில் அது நிமிர்ந்து பார்ப்பவர்க்கும் தெரிந்தது. யாம் முதியவருக்குச் சொல்லியனுப்பினோம். அவர் மறுநாட் காலை வந்தார். கயிற்றின் அருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, சிறிது நேரம் நின்றார். பின்னர்க் குனிந்து, எம் கண்ணுக்குத் தட்டுப்படாத கோரையொன்றைக் கிழங்கோடு எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, “மேற்கு ஓரத்தில் இன்னும் இரண்டு இருக்கிறது, ஐயா, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறிப் போனார்.

அதன்பின் யாமும் விழாக் குழுவினரும் கலந்து, புற்றரையைப் பாதியாகக் குறைத்தோம். அடுத்த பாதியில் ஆவாரையும் நொச்சியும் செம்பருத்தியும் நட்டு, நடுவே மழைநீர் இறங்கும் குழி ஒன்று வெட்டினோம். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேமிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டதாயினும், நம் மண்டபத்துக் கூரைநீரின் பெரும்பகுதி அதுகாறும் சாக்கடைக்கே சென்று கொண்டிருந்தது. இப்பொழுது அது அக்குழிக்குச் செல்கின்றது. இம்மாற்றத்தை முன்னோரின் நினைவுக்குக் குறைவென வருந்தியோரும் உளர். அவர்கட்கு ஒன்று கூறுவோம். புற்றரையைப் பெரிதும் போற்றும் அமெரிக்க நாட்டிலேயே, பாலைநிலமாகிய நெவாடா மாநிலம் 2021-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. எவரும் அமரவும் ஆடவும் பயன்படாமல் அழகுக்கென்றே சாலை நடுவிலும் அலுவலக முகப்பிலும் வளர்க்கும் புல்லுக்கு, 2027-ஆம் ஆண்டு முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சலாகாது என்பது அதன் கருத்து. புல்லே வேண்டாவென்று அது கூறவில்லை. பயனுக்கு ஏற்ற அளவே வேண்டும் என்கின்றது. மாணாக்கர் அமர்ந்து படிப்பதற்கும் மாலையில் கூடி ஜெபிப்பதற்கும் வேண்டிய அளவு நமக்கு எஞ்சியிருக்கின்றது.

பழைய மாணவ நண்பர்களே, இதுவே உங்கள் வினாவிற்கு எம் விடை. புற்றரை இருக்கின்றது, முன்னிருந்ததில் பாதியாக இருக்கின்றது. தை முதல் மாசி வரை வெளிறிய பச்சை. பங்குனி முதல் மழை வரும் வரையில் பெரும்பாலும் பொன்னிறம். மழைக்குப் பின் நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அதே நிறம். நீங்கள் கோடை விடுமுறையில் வருவீராயின், காய்ந்து கிடக்கின்றதே என்று கலங்க வேண்டா. கயிற்றைத் தாண்டவும் வேண்டா. இப்பொழுது படிக்கும் மாணாக்கர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று குறுக்கே நடந்து நீங்கள் இட்ட ஒற்றையடிப் பாதையில் மட்டும் அறுகு இன்னும் மீளவில்லை. வறட்சியைப் பொறுத்த புல், உங்கள் அவசரத்தைப் பொறுக்கவில்லை. சுற்றி நடப்பதற்கு ஒரு நிமிடமே மிகுதியாகும்.

வாளியோடு வந்த அம்மாணாக்கன் இப்பொழுது எங்கே இருக்கின்றான் என யாம் அறியோம். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அவ்விரவில் யாம் கூறாது விட்ட சொல்லை ஈண்டுக் கூறுகின்றோம்: தம்பி, எம்மைப் பொறுத்தருள்க. அந்நீர் உன்னுடையதே.